மஞ்சள் கறை ஏறிய பிளாஸ்டிக் டப்பா: எண்ணெயை எடுங்கள், வெயிலில் வையுங்கள்

காவிரியின் கிழக்குக் கரையில் பள்ளிபாளையம், பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளுக்குச் சந்தை அந்தக் கரையில். ஊர்ப் பெயரையே சுமந்துகொண்டு தமிழ்நாடு முழுவதும் உணவக அட்டைகளில் இடம்பிடித்த பள்ளிபாளையம் சிக்கன் பிறந்தது இந்தக் கரையில். அந்தச் சிக்கனில் மஞ்சள்தூளைத் தவிர வேறு மசாலாத் தூள்கள் சேருவதில்லை. சின்ன வெங்காயம், விதை நீக்கிய வரமிளகாய், தேங்காய்ப் பல், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், தாராளமாக எண்ணெய். இவற்றில் மூன்று, அதாவது மஞ்சள், வரமிளகாய், எண்ணெய் ஆகியவை, ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் நிறத்தை ஒரே இரவில் மாற்றிவிடும். மிச்சக் கறியைச் சூடாக டப்பாவில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாள் எவ்வளவு தேய்த்தாலும் அந்த மஞ்சள் வட்டம் போவதில்லை. இங்கு மட்டும் அல்ல, சாம்பாரும் தக்காளிக் குழம்பும் வைக்கிற எல்லா வீட்டிலும் இதே கதைதான். பெரும்பாலோர் தங்கள் தேய்ப்பில் குறை என்று எண்ணி இன்னும் முரட்டு நாரை எடுக்கிறார்கள். இந்த அத்தியாயம் சொல்ல வருவது வேறு. டப்பாவில் ஏறுவது அழுக்கு இல்லை, சாயம். சாயத்தை எடுக்க எண்ணெய் நீக்கமும் வெயிலும் வேண்டும். முரட்டுத் தேய்ப்பு கறையை நிலைக்கத்தான் வைக்கும்.

மஞ்சளுக்கு நிறம் தரும் பொருளுக்குக் குர்குமின் என்று பெயர். 1815-இல் வோகல், பெல்லெட்டியே ஆகிய இருவர் இதைப் பிரித்தெடுத்தார்கள். இதன் வேதியியல் அமைப்பு 1910-இல் தெளிவானது. காய்ந்த மஞ்சளில் இது நூற்றுக்கு சில பங்குதான் இருக்கும், ஆனால் நிறம் தருவதில் அதன் வலு மிகப் பெரியது. அதன் குணங்களில் நமக்கு முக்கியமானது ஒன்று: தண்ணீரில் அது ஏறக்குறைய கரையாது, எண்ணெயிலும் சாராயத்திலும் கரையும். வரமிளகாயின் சிவப்பும் தக்காளியின் சிவப்பும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும் இந்தக் குணத்தில் மஞ்சளோடு ஒத்துப்போகும். அவையும் எண்ணெயில்தான் கரையும். குழம்பின் மேல் மிதக்கிற எண்ணெய் ஆரஞ்சு நிறமாகவும் கீழே உள்ள நீர் வெளிறியும் இருப்பதற்கு இதுதான் காரணம். தாளிக்கும்போதே நிறமெல்லாம் எண்ணெய்க்குப் போய்விடுகிறது. அடுத்து டப்பாவைப் பார்ப்போம். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று அச்சிட்டிருந்தால் அது பாலிபுரொப்பிலீன். இன்று சமையலறை டப்பாக்களில் பெரும்பகுதி இந்த வகை. 2, 4 என்ற எண்கள் பாலிஎத்திலீனைக் குறிக்கும். இந்த இரண்டு பிளாஸ்டிக்கும் பெட்ரோலியத்திலிருந்து வந்தவை, தண்ணீரை ஒட்டவிடாதவை, எண்ணெயோடு உறவாடுபவை. எனவே எண்ணெய் டப்பாவின் சுவரில் படிந்து மெல்ல மேலடுக்குக்குள் ஊறுகிறது, அது சுமந்து வந்த நிறமும் கூடவே உள்ளே போகிறது. கண்ணாடியிலும் எவர்சில்வரிலும் எண்ணெய் மேலே மட்டுமே நிற்கும், உள்ளே போக வழியில்லை. அதனால் அவற்றில் கறை ஏறுவதில்லை.

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்குச் சாயத் தொழிலே சான்று. பள்ளிபாளையம், குமாரபாளையம் வட்டாரம் விசைத்தறியாலும் சாயப்பட்டறையாலும் வாழ்கிற பகுதி. எந்த நூலுக்கு எந்தச் சாயம், எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்ற கணக்கு இங்கே பலருக்கு அத்துப்படி. பருத்தி தண்ணீரை உறிஞ்சும், அதனால் தண்ணீரில் கரையும் சாயம், உப்பு, சோடா என்று அதற்கு ஒரு முறை. பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் தண்ணீரில் கரையாத சாயத்தைப் பொடியாகக் கலக்கி, மூடிய கலத்தில் அழுத்தத்தோடு 130 டிகிரி அளவுக்குச் சூடேற்றுகிறார்கள். அந்தச் சூட்டில் இழையின் உட்கட்டு நெகிழ, சாயம் உள்ளே போய்க் கரைகிறது. ஆறியதும் வழி அடைபடுகிறது, சாயம் உள்ளேயே தங்குகிறது. சூடான குழம்பை டப்பாவில் ஊற்றி மூடி வைக்கிறோமே, அதில் நடப்பது சிறிய அளவில் இதே வேலை. தண்ணீரில் கரையாத நிறம், தண்ணீரை ஒட்டவிடாத பிளாஸ்டிக், சூடு, நேரம் ஆகிய நான்கும் அங்கே கூடுகின்றன. சாயத் தொழில் தெரிந்தவர் இங்கே ஒரு தடை எழுப்பலாம். பாலிபுரொப்பிலீன் நூலுக்குச் சாயத் தொட்டியில் நிறம் ஏற்றவே முடியாது, உருக்கும்போதே நிறம் கலந்தால்தான் உண்டு. அப்படியிருக்க மஞ்சள் மட்டும் எப்படி ஏறும் என்பார். கேள்வி நியாயமானது. பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. சாயத் தொட்டியில் சாயத்தைச் சுமப்பது தண்ணீர், டப்பாவில் சுமப்பது எண்ணெய். எண்ணெய் போகிற ஆழம்வரைதான் நிறம் போகும், அந்த ஆழமும் மிகக் குறைவு. அதனால்தான் பாலியஸ்டர் சாயம்போல நிரந்தரமாக நில்லாமல், முறையறிந்து செய்தால் இந்தக் கறை போகிறது.

இந்த விளக்கத்தை ஒப்புக்கொண்டால் செய்ய வேண்டியவை வரிசையாகத் தெரிந்துவிடும். முதலாவது, சூட்டையும் எண்ணெயையும் ஒன்றாக டப்பாவுக்குள் விடக்கூடாது. குழம்பு கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு மாற்றுங்கள். அதற்காக மணிக்கணக்கில் வெளியே விட்டுவிடவும் கூடாது, எங்கள் வெக்கையில் கெட்டுப்போகும். அகலமான எவர்சில்வர் போசியில் பரப்பி, அடியில் குளிர்ந்த தண்ணீர் வைத்த தட்டில் நிறுத்தினால் விரைவில் ஆறிவிடும். தாளித்த எண்ணெயை நேராக டப்பாவில் கொட்டுவது இன்னும் பெரிய தவறு. பாலிபுரொப்பிலீன் ஏறத்தாழ 160 டிகிரியில் உருகும், கடுகு வெடிக்கிற எண்ணெய் அந்தச் சூட்டை எளிதில் தாண்டும். மைக்ரோவேவ் அடுப்பிலும் இதே ஆபத்து உண்டு. டப்பாவின் மேல் மைக்ரோவேவுக்கு ஏற்றது என்று எழுதியிருந்தாலும், எண்ணெய் மிதக்கும் குழம்பும் தக்காளித் தொக்கும் சில இடங்களில் தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறும். குழம்பின் விளிம்பு நின்ற இடத்தில் சொரசொரப்பான வெள்ளை வளையம் தெரிகிறதென்றால் அங்கே பிளாஸ்டிக்கே உருகிக் குழிவிட்டிருக்கிறது என்று பொருள். அந்தக் குழிகளில் புகுந்த நிறத்தை எந்த வழியிலும் முழுதாக எடுக்க முடியாது. எனவே தட்டிலோ பீங்கான் கிண்ணத்திலோ மாற்றிச் சூடாக்குவதே சரி.

இரண்டாவது, டப்பா காலியானதும் எண்ணெயை முழுதாக எடுத்துவிட வேண்டும். பலர் டப்பாவில் தண்ணீர் ஊற்றி ஊறவைக்கிறார்கள். அது காய்ந்த பருக்கையை இளக்கும், எண்ணெயை ஒன்றும் செய்யாது. தண்ணீர் படுவதற்கு முன்பே பழைய செய்தித்தாளாலோ துணியாலோ எண்ணெயை வழித்துத் துடைத்துவிடுங்கள். கறை ஏறத் தொடங்கியிருந்தால் அந்த இடத்தில் சில சொட்டு நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ விட்டு விரலால் தடவி, சில நிமிடம் கழித்துத் துடைக்கலாம். கறைக்கு எண்ணெயா என்று தயங்க வேண்டாம். நிறம் எண்ணெயில் கரைவது என்பதால், மேலோட்டமாகப் படிந்த பகுதி புதிய எண்ணெயோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். அதன் பிறகு பாத்திரம் விளக்கும் திரவத்தைத் தண்ணீர் கலக்காமல் நேராகத் தடவி, மென்மையான பஞ்சால் எல்லா மூலையும் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் புழங்கும் வீடுகளில் சோப்புக் கட்டி சரியாக நுரைக்காது, வெள்ளைப் படிவமாகவும் ஒட்டிக்கொள்ளும். அங்கே திரவ வகைதான் கைகொடுக்கும். கழுவி முடித்த டப்பாவை விரலால் வழித்துப் பாருங்கள். வழுக்கினால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, மறுபடி கழுவ வேண்டும். இந்தச் சோதனையைத் தாண்டாத டப்பாவை வெயிலில் வைத்தால், மிச்ச எண்ணெய் சூட்டில் காறிப்போய், நாறும் பிசினாக ஒட்டிக்கொள்ளும்.

முரட்டு நாரைக் கைவிடச் சொல்வதற்குக் காரணம் இதுதான். கம்பி நாரும் பச்சை நாரும் பொடி வகைகளும் பிளாஸ்டிக்கைச் சுரண்டுகின்றன. ஒருமுறை சுரண்டும்போது மேலடுக்கோடு கொஞ்சம் நிறமும் போகும். பலன் கிடைத்துவிட்டது என்று அப்போது தோன்றும். ஆனால் பளபளப்பாக இருந்த சுவரில் அதனால் ஆயிரம் கீறல் விழுந்திருக்கும். அடுத்த குழம்பின் எண்ணெய் தங்கவும் ஊறவும் இடப்பரப்பு பல மடங்கு கூடியிருக்கும். அதனால்தான் அடிக்கடி சுரண்டப்படும் டப்பாக்கள் ஒவ்வொரு முறையும் முன்னைவிட விரைவாகக் கறை பிடிக்கின்றன. கீறல்களுக்குள் பஞ்சு நுழைய முடியாது. நிறம் தங்குகிற இடத்தில் உணவுத் துணுக்கும் தங்கும், அதில் கிருமி வளரும். எனவே கறை போக்கும் வேலை என்று நினைத்துச் செய்வது டப்பாவின் ஆயுளைக் குறைப்பதில் முடிகிறது.

மூன்றாவது, வெயில். இந்த அத்தியாயத்தின் மையம் இதுதான். மஞ்சளால் நிறமேற்றிய துணி வெயிலில் விரைவில் வெளுத்துப்போகும் என்பது சாயக்காரர்கள் பழங்காலம் முதல் அறிந்த குறை. ஒளி பட்டால் நிலைக்காத சாயங்களில் மஞ்சளுக்கு முதல் வரிசையில் இடம். குர்குமின் நீல ஒளியை உறிஞ்சுவதால்தான் நமக்கு மஞ்சளாகத் தெரிகிறது. அப்படி உறிஞ்சிய ஒளியே அதன் மூலக்கூற்றை உடைத்துவிடுகிறது. உடைந்த துண்டுகளுக்கு நிறம் கிடையாது. மிளகாய், தக்காளி ஆகியவற்றின் சிவப்பும் ஒளியிலும் காற்றிலும் இவ்வாறே சிதைகிறது. துணிக்குச் சாயமிடுபவருக்கு இடைஞ்சலான இந்தக் குணம் சமையலறைக்குப் பெரிய உதவி. சோப்பும் பஞ்சும் பிளாஸ்டிக்கின் மேல்தான் வேலை செய்யும். ஒளியோ மேலடுக்குக்குள் ஊடுருவி, நிறம் ஒளிந்திருக்கும் இடத்துக்கே போய்விடும். சேலம், நாமக்கல் சமவெளியில் வருடத்தில் பெரும்பகுதி இந்த மருந்து காசில்லாமல் கிடைக்கிறது. கழுவிய டப்பாவைத் திறந்தபடி, கறை படிந்த பக்கம் வெயிலைப் பார்க்குமாறு மாடியிலோ வாசல் திண்ணையிலோ சாய்த்து வையுங்கள். மூடியைத் தனியாக வையுங்கள், அதில் ரப்பர் வளையம் இருந்தால் அதையும் கழற்றி வையுங்கள். புதுக் கறை ஒரு பகல் வெயிலில் கண்ணுக்குத் தெரியும்படி மங்கும். பல மாதம் ஊறிய கறைக்கு இரண்டு மூன்று நாள் தேவைப்படலாம். வெயில் நகர நகர டப்பாவைத் திருப்பி வைப்பது நல்லது. மஞ்சளை உடைப்பதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கே பங்கு உண்டு என்பதால், அடுக்குமாடியில் இருப்பவர்கள் வெளிச்சமான சன்னல் ஓரத்தில் வைத்தாலும் பலன் உண்டு, நாள் மட்டும் கூடும்.

வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் நொறுங்கிப்போகும் என்று மறுப்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. மாதக்கணக்கில் மொட்டை மாடியில் கிடந்த வாளியும் நாற்காலியும் வெளிறி, தொட்டாலே உடைவதை எல்லோரும் பார்த்திருப்போம். சூரியனின் புற ஊதாக் கதிர் பாலிபுரொப்பிலீனின் நீண்ட சங்கிலிகளை அறுக்கிறது. ஆனால் அந்தச் சேதம் மாதங்களில் சேருவது. மஞ்சள் உடைவதோ மணிகளில், நாட்களில் நடப்பது. இந்த வேக வித்தியாசத்தைத்தான் நாம் பயன்படுத்துகிறோம். நிறம் போனதும் டப்பாவை உள்ளே எடுத்துவிட வேண்டும், நிரந்தரமாக வெயிலில் காயப்போடக் கூடாது. அவ்வப்போது சில மணி நேர வெயிலால் வருகிற தேய்மானம், ஒவ்வொரு வாரமும் கம்பி நார் போடுகிற கீறலைவிட மிகக் குறைவு.

சமையல் சோடா, எலுமிச்சை, வினிகர் பற்றியும் தெளிவு வேண்டும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தித் தண்ணீர் சிவக்கிறது. வெள்ளை வேட்டியில் பட்ட மஞ்சள் சோப்புப் பட்டதும் சிவக்கிறது. காரம் பட்டால் குர்குமின் சிவக்கும், புளிப்புப் பட்டால் பழைய மஞ்சளுக்கே திரும்பும். எனவே சோடாக் குழைவைத் தடவியதும் நிறம் மாறுவதைக் கண்டு கறை கரைகிறது என்று முடிவு கட்டக் கூடாது. அதன்மேல் எலுமிச்சை தேய்த்ததும் சிவப்பு மறைவதைக் கண்டு வெற்றி என்றும் எண்ணக் கூடாது. ஆனாலும் சோடாவுக்கு உண்மையான பயன் ஒன்று இருக்கிறது. காரத்தில் குர்குமின் தண்ணீரில் ஓரளவு கரையும், விரைவாகச் சிதையவும் செய்யும். சோடாக் குழைவை அரை மணி நேரம் பூசி வைத்து, தேய்க்காமல் அலசினால் மேல்படிந்த நிறம் குறையும், பூண்டு வெங்காய வாடையும் தணியும். புளிப்பு வகைகள் உப்புத் தண்ணீர் விட்ட வெள்ளைப் படிவத்தைக் கரைக்கும், அவ்வளவுதான். மஞ்சளை எடுக்கும் என்று அவற்றை நம்ப வேண்டாம்.

வெயிலுக்குக் காத்திருக்க நேரமில்லை, பிளீச் போட்டால் அரை மணியில் முடியுமே என்பது அடுத்த மறுப்பு. கடையில் விற்கும் வீட்டு உபயோக பிளீச் திரவம் மஞ்சளை உடைப்பது உண்மை. அடைமழைக் காலத்தில், வேறு வழியில்லாதபோது அதைப் பயன்படுத்தலாம். ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் அரை மணி ஊறவைத்து, பலமுறை அலசி, வாடை போகும்வரை உலர்த்த வேண்டும். அதோடு வினிகர், எலுமிச்சை, கழிப்பறை கழுவும் ஆசிட் எதையும் கலக்கவே கூடாது. நச்சு வாயுவான குளோரின் வெளிவரும். சாராயம் கலந்த கை சுத்திகரிப்பான் மஞ்சளைக் கரைத்தெடுக்கும். பாலிபுரொப்பிலீனில் அதைத் துணியில் நனைத்துத் துடைக்கலாம், அடுப்பருகே மட்டும் கூடாது. கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் சில கடின பிளாஸ்டிக்குகள் சாராயம் பட்டால் நுண்ணிய விரிசல் விடும், அவற்றுக்கு வேண்டாம். எதைப் பயன்படுத்தினாலும் பிறகு சோப்பு போட்டு நன்றாகக் கழுவிய பின்தான் உணவு வைக்க வேண்டும்.

சாயப்பட்டறைகள் நிறைந்த ஊர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. பருத்தி வெளுக்கப் பட்டறையில் புழங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பெரும்பாலும் 50 சதவீத வலுவுள்ளது. மருந்துக் கடையில் கிடைப்பது 3 அல்லது 6 சதவீதம். முன்னது தோலைச் சுட்டுவிடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிளீச்சிங் பவுடர், ஹைட்ரோ எனப்படும் சாயநீக்கிப் பொடி, காஸ்டிக் சோடா ஆகியவையும் கேனிலும் பொட்டலத்திலும் எளிதாகக் கைக்குக் கிடைக்கும் பொருள்கள். சாயத்தை வெளுக்கும் பொருள் டப்பாவையும் வெளுக்காதா என்ற தர்க்கத்தில் இவற்றைச் சமையலறைக்குக் கொண்டுவரக் கூடாது. உணவுப் பாத்திரத்துக்கான தூய்மைத் தரத்தில் இவை தயாரிக்கப்படுபவை அல்ல, அளவு தவறினால் திருத்தவும் முடியாது. பட்டறைக் கேன்கள் எவ்வளவு கழுவப்பட்டிருந்தாலும் அவற்றில் தண்ணீரோ எண்ணெயோ மாவோ சேமிக்கவும் கூடாது.

மஞ்சள் கறை உடம்புக்குக் கேடு செய்யாதே, அப்படியே விட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. நிறம் மட்டும் என்றால் விட்டுவிடலாம். சாப்பிடுகிற மஞ்சள்தான் அது. வழவழப்பாக, வாடையின்றி, வெறும் மஞ்சளேறிய டப்பாவைத் தூக்கி எறியத் தேவையில்லை. பார்க்க வேண்டியது கறையைவிட டப்பாவின் மேற்பரப்பை. கீறலும் குழியும் வெடிப்பும் காறல் வாடையும் இருந்தால் நிறம் இல்லாவிட்டாலும் அதில் ஈரமான உணவு வைக்கக் கூடாது. பொத்தானோ ஊசிநூலோ போட்டு வைக்க எடுத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் கசியும் பொருளுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டுப் பொதியல் விதிகள் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கின்றன: ஒரு கிலோ உணவுக்கு 60 மில்லிகிராம். எண்ணெயும் சூடும் கூடினால் கசிவும் கூடும் என்பதால், கறை ஏறாமல் காக்கும் பழக்கம் உடம்புக்கும் நல்லது. உணவகத்திலிருந்து வரும் மெல்லிய பார்சல் டப்பாக்கள் நெடுநாள் புழக்கத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றைக் கழுவிக் கழுவிச் சூடான குழம்புக்குப் பயன்படுத்துவது சிக்கனம் ஆகாது.

இவ்வளவு பாடு எதற்கு, எவர்சில்வருக்கே போய்விடலாமே என்பது கடைசி மறுப்பு. எண்ணெய்க் குழம்பைப் பொறுத்தவரை அதுவே சரியான தீர்வு. 1980களின் தொடக்கம் முதல் சேலம் இரும்பாலையில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருவாகும் வட்டாரம் இது. எவர்சில்வர் சம்படமும் தூக்குப்போசியும் இல்லாத வீடு இங்கே அரிது. சாம்பார், கறிக்குழம்பு, தொக்கு, பொடிக்கு ஊற்றிய எண்ணெய் இவற்றுக்கு எவர்சில்வர். ஊறுகாய்க்குக் கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடி. ஆனால் பருப்பு, ரவை, முறுக்கு, நறுக்கிய காய், ஆறிய சோறு, தோசை மாவு இவற்றுக்கு எடை குறைந்த, உள்ளே இருப்பது தெரிகிற, கீழே விழுந்தால் நசுங்காத பிளாஸ்டிக் டப்பா நல்ல துணை. அதைக் குப்பைக்கு அனுப்பினால் மட்கவும் மட்காது. இருக்கிற டப்பாவை அதற்குரிய வேலையில் நெடுங்காலம் வைத்திருப்பதே செலவுக்கும் மண்ணுக்கும் நல்லது.

ஆகவே வாசகர்களிடம் வேண்டுவது இவ்வளவுதான். சூடும் மஞ்சளும் எண்ணெயும் சேர்ந்தது எதுவானாலும் எவர்சில்வரில் வையுங்கள். தவறி பிளாஸ்டிக்கில் வைத்துவிட்டால் முதலில் எண்ணெயைத் துடையுங்கள், வழுக்கல் போகக் கழுவுங்கள், வெயிலில் வையுங்கள், நிறம் போனதும் உள்ளே எடுத்துவிடுங்கள். கம்பி நாரை இரும்புச் சட்டிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.